டிஷ் நெட்வொர்க் யாருக்கு என்ன தரணும்: டேபிளுக்கு உள்ள இருக்கிறதும் வெளிய இருக்கிறதும்

கேள்வி இதுதான்: அமெரிக்காவுல இருக்கிற சாட்டிலைட் டிவி கம்பெனி டிஷ் நெட்வொர்க்கோட பழைய 10-கே ஆண்டறிக்கையைப் படிச்ச ஒருத்தர், அதுல "ஒப்பந்தக் கடமைகள்"னு ஒரு டேபிள் இருக்கு, கடன், வட்டி, சாட்டிலைட், லீஸ், பர்சேஸ்னு வரிசையா பல பில்லியன் டாலர் போட்டிருக்காங்க, கையில இருக்கிற கேஷ் அதுக்குப் பக்கத்துலயே வரல, அப்போ கம்பெனி முழுகப் போகுதா இல்ல இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டியான்னு கேட்டிருக்கார்.

முதல்லயே சொல்லிடுறேன், கீழ போட்டிருக்கிற மொத்தத் தொகையை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. அந்த நம்பர் பெருசா இருக்கிறதால கம்பெனி சாகாது, சின்னதா இருந்தா பொழைக்கும்னும் இல்ல. சாட்டிலைட் டிவில மிகப் பெரிய செலவு அந்த டேபிளுக்குள்ளயே வராது, அப்புறம் உள்ள வர்ற கடனையும் தாய்க் கம்பெனி, துணை கம்பெனின்னு இருக்கிறதுல எது தரணும்னு டேபிள் சொல்லாது (ஒவ்வொரு கம்பெனியையும் ஒரு தனிப் பெட்டின்னு வச்சுக்கோங்க). இந்த ரெண்டும் புரிஞ்சா மத்ததெல்லாம் சும்மா கூட்டல் கழித்தல்தான்.

டேபிள் எங்கிருந்து வந்துச்சுன்னா, என்ரான் ஊழலுக்கு அப்புறம் 2002-ல சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் வந்துச்சு, அதைத் தொடர்ந்து 2003-ல அமெரிக்க பங்குச்சந்தை கண்காணிப்பு கமிஷன், அதாவது எஸ்.இ.சி., எல்லா பெரிய லிஸ்டட் கம்பெனியும் எதிர்காலத்துல தர வேண்டிய பணத்தை ஒரே இடத்துல டேபிளா போடுங்கன்னு விதி கொண்டு வந்தாங்க. 2020 நவம்பர்ல அதே கமிஷன் அந்த விதியை எடுத்துட்டாங்க, இந்த விவரமெல்லாம் எப்படியும் கணக்குக்குப் பின்னாடி வர்ற விளக்கக் குறிப்புகள்ல, அதாவது நோட்ஸ்ல இருக்கேன்னு காரணம். என்னைக் கேட்டா அது நல்ல முடிவு இல்ல, ஒரே பக்கத்துல இருந்ததை இப்போ நாலு நோட்ல தேடி நாமளே கூட்டிக்க வேண்டியிருக்கு.

இப்போ உள்ள இருக்கிற வரிகள். முதல் வரி கடன், இதுதான் ரொம்ப சுலபமா புரியுறது. டிஷ்ஷோட டிவி பிசினஸுக்கு கடன் வாங்கினது டிஷ் டி.பி.எஸ்.ங்கிற துணை கம்பெனி. 2024 கடைசில பெரிய பாண்ட் (கடன் பத்திரம்) ஒண்ணைத் திருப்பிக் கட்டின பிறகு மிச்சம் இருந்தது என்னன்னா, 2026 ஜூலைல 2 பில்லியன் டாலர் 7.75 சதவீத வட்டில, அதே வருஷம் டிசம்பர்ல 2.75 பில்லியன் 5.25-ல, 2028-ல ஒரு பில்லியன் 7.375-லயும் இன்னொரு 2.5 பில்லியன் 5.75-லயும், 2029-ல 1.5 பில்லியன் 5.125-ல. கூட்டினா 9.75 பில்லியன். வட்டி மட்டும் வருஷத்துக்கு கிட்டத்தட்ட 594 மில்லியன் டாலர் வருது. டேபிள்ல கடன் தனி வரி, வட்டி தனி வரியா இருக்கும், ரெண்டையும் பார்த்துட்டு ஒரே கடனை ரெண்டு தடவை காட்டியிருக்காங்கன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க, அப்படி இல்ல, வட்டிங்கிறது இன்னும் வரப்போற வருஷங்களோட செலவு, பேலன்ஸ் ஷீட்ல அது கடனா உக்காந்திருக்காது, டேபிள்ல மட்டும்தான் தெரியும்.

அடுத்தது சாட்டிலைட் வரி. சாட்டிலைட் டிவி கம்பெனின்னா எல்லா சாட்டிலைட்டும் அவங்களோடதுன்னு நினைப்போம், ஆனா டிஷ் ரொம்ப வருஷமா நிறைய வாடகைக்கும் எடுத்திருக்கு. 2007-ல ஏவின ஆனிக் எஃப்3, 2008 கடைசில போன சீல்-2, 2009-ல போன நிமிக்-5, 2011-ல போன குவெட்ஸ்சாட்-1, இதுல எல்லாம் டிஷ்ஷோ அதோட சகோதர கம்பெனி எக்கோஸ்டாரோ பத்து வருஷம் பதினஞ்சு வருஷம்னு கையெழுத்து போட்டு எடுத்த கெபாசிட்டி. ஏன் சொந்தமா ஏவாம வாடகைக்கு எடுக்கணும்? சாட்டிலைட் செய்யுற காசை மிச்சம் பிடிக்கத்தான்னு தோணும், அதை விட முக்கியமான காரணம் ஆர்பிட்ல இருக்கிற இடம். 129 டிகிரி மேற்கும் 72.7 டிகிரி மேற்கும் கனடா லைசென்ஸ்ல இருக்கிற இடங்கள், 77 டிகிரி மெக்சிகோவோடது. அமெரிக்கா மேல நல்லா சிக்னல் விழுற இடம் கொஞ்சம்தான் இருக்கு, அந்த இடத்துக்கு உரிமை வச்சிருக்கிறவங்க கிட்ட நீண்ட லீஸ் போட்டாத்தான் அங்கருந்து ஒளிபரப்ப முடியும். அதனால இந்த லீஸை நடுவுல விட்டுட்டுப் போறது ஒரு ஆபீஸ் பில்டிங்கைக் காலி பண்ற மாதிரி இல்ல, சேனல்களையே வேற இடத்துக்கு மாத்தணும், அந்த இடத்தைப் பார்த்துட்டிருக்கிற வீட்டு டிஷ்ஷையெல்லாம் ஆள் அனுப்பித் திருப்பி வைக்கணும்.

இதுல கணக்கு விஷயம் ஒண்ணு இருக்கு. 2018 வரைக்கும் ஆப்பரேட்டிங் லீஸ், அதாவது சாதாரண வாடகைன்னு வகைப்படுத்தினா அது பேலன்ஸ் ஷீட்லயே வராது, டேபிள்ல மட்டும்தான் பார்க்கலாம், கேப்பிட்டல் லீஸ், அதாவது கிட்டத்தட்ட வாங்கின மாதிரின்னா ரெண்டுலயும் வரும். 2019-ல இருந்து புது லீஸ் விதி வந்த பிறகு ரெண்டுமே பேலன்ஸ் ஷீட்டுக்கு வந்துடுச்சு. அதனால 2018 ரிப்போர்ட்டையும் 2020 ரிப்போர்ட்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்து, ஐயோ கடமை ஏறிடுச்சேன்னு பதற வேண்டாம், முன்னாடியும் அது இருந்ததுதான்.

சாட்டிலைட்ல டேபிளுக்கு வராத ரெண்டு சமாச்சாரம் உண்டு. ஒண்ணு இன்ஷூரன்ஸ். டிஷ் தன்னோட சொந்த சாட்டிலைட்டுக்கு பொதுவா இன்ஷூரன்ஸ் எடுக்குறதில்லைன்னு ஆண்டறிக்கைலயே வெளிப்படையா எழுதிடுவாங்க. செஞ்சு ஏவ நூத்துக்கணக்கான மில்லியன் டாலர் ஆகுற ஒரு பொருள் கெட்டுப்போனா மாற்று சாட்டிலைட்டுக்கான காசு முழுக்க கைல இருந்துதான் போகணும், அந்த ரிஸ்குக்கு எந்த வரியும் கிடையாது. இன்னொண்ணு ஆயுசு முடிஞ்ச சாட்டிலைட்டை அப்புறப்படுத்துற பொறுப்பு. எக்கோஸ்டார்-7ங்கிற சாட்டிலைட்டை ஓய்வு கொடுக்கும்போது வழக்கமான ஆர்பிட்டுக்கு மேல 300 கிலோமீட்டர் தள்ளி நிறுத்துறோம்னு அமெரிக்க தகவல்தொடர்பு கமிஷனான எஃப்.சி.சி. கிட்ட ஒத்துக்கிட்டிருந்தாங்க, ஆனா எரிபொருள் பத்தாம 122 கிலோமீட்டர்லயே நின்னுடுச்சு, 2023 அக்டோபர்ல ஒன்றரை லட்சம் டாலர் அபராதம். விண்வெளிக் குப்பைக்காக எஃப்.சி.சி. போட்ட முதல் அபராதமே இதுதான். தொகை இந்த சைஸ் கம்பெனிக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா கடைசி சொட்டு எரிபொருள் வரைக்கும் சம்பாதிக்கணும்னு ஓட்டினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க நல்ல உதாரணம்.

பர்சேஸ் கடமைங்கிற வரில செட்டாப் பாக்ஸ் ஆர்டர், டெக்னிக்கல் சர்வீஸ், அப்புறம் கண்டிப்பா தரணும்னு நிலையா பேசிக்கிட்ட சில புரோகிராமிங் தொகை, இவ்வளவுதான் இருக்கும். இதை வேகமா தாண்டிடலாம்.

ஆனா அதே இடத்துல கீழ சின்ன எழுத்துல ஒரு பாரா இருக்கும், அதைத் தாண்டக் கூடாது. சேனல்களுக்கு நாங்க தர்ற பணம் பெரும்பாலும் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைப் பொறுத்தது, அதனால அதை மேல உள்ள டேபிள்ல சேர்க்கல, இந்த ஒப்பந்தங்கள் ஒரு வருஷத்துல இருந்து பத்து வருஷம் வரைக்கும் இருக்கும், வருஷா வருஷம் ரேட் ஏறும், இதுதான் அந்தப் பாராவோட சாரம். டிவி பிசினஸோட மிகப் பெரிய செலவே இந்த சேனல் காசுதான், அது ஒரு பாராவுல அடங்கிடுது! சட்டப்படி இது தப்பு இல்ல, நாளைக்கு எத்தனை சப்ஸ்கிரைபர் இருப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது, தெரியாத எண்ணிக்கையை வச்சு தொகை எப்படிப் போடுவாங்க?

இதைப் படிச்சா, சரி ஆள் குறைஞ்சா சேனல் செலவும் குறைஞ்சிடும், அப்போ இது கம்பெனிக்கு சாதகம்தானேன்னு தோணும். பாதி உண்மை. ஆளுக்கு இவ்வளவுன்னு தர்ற ரேட் ஏறிட்டே போகும், சேனல் கம்பெனிக்காரங்க தங்களோட நாலு சேனலையும் சேர்த்து எடுக்கணும், இத்தனை சதவீதம் வீட்டுக்குப் போற பேக்கேஜ்ல போடணும்னெல்லாம் நிபந்தனை வைப்பாங்க, அதனால விலை அதிகமான சேனலைத் தனியா கழட்டிட்டு மலிவா ஒரு பேக்கேஜ் விக்க முடியாது. உள்ளூர் ஸ்டேஷன் விஷயம் இன்னும் கஷ்டம், 1992 கேபிள் சட்டத்துல இருந்து வந்த ரீட்ரான்ஸ்மிஷன் சம்மதம், அதாவது ஸ்டேஷனோட ஒளிபரப்பைத் திருப்பிக் காட்ட வாங்குற அனுமதி, மூணு வருஷ சுழற்சி, ஒவ்வொரு தடவையும் ஸ்டேஷன்காரங்க அதிகமா கேப்பாங்க, தரலைன்னா சேனல் கறுப்பாயிடும், சப்ஸ்கிரைபர் கோவிச்சுட்டுப் போயிடுவார். டிஷ்ஷை நடத்துற சார்லி எர்கன் இந்தச் சண்டைக்கு எப்பவும் பயந்ததில்ல, சேனல் போனாலும் பரவாயில்லைன்னு மாசக்கணக்குல நிறுத்தி வச்சிருக்கார், அதுக்கு விலையா ஆளையும் இழந்திருக்கார்.

எண்ணிக்கையைப் பொறுத்து இல்லாம நிலையான தொகைக்கு ஒத்துக்கிட்டா என்ன ஆகும்னு பார்க்க போட்டிக் கம்பெனியான டைரக்ட்டிவியைப் பாருங்க. என்.எஃப்.எல். சண்டே டிக்கெட்டுங்கிற ஃபுட்பால் பேக்கேஜை 2014-ல எட்டு வருஷத்துக்குப் புதுப்பிச்சாங்க, வருஷத்துக்கு சுமார் 1.5 பில்லியன் டாலர்னு அப்பவே பேப்பர்ல வந்துச்சு. ஏ.டி.&டி. என்கிற போன் கம்பெனி டைரக்ட்டிவியை வாங்க ஒப்பந்தம் போட்டப்போ, இந்த ஃபுட்பால் ஒப்பந்தம் கைக்கு வரலைன்னா நாங்க விலகிக்கலாம்னே ஒரு ஷரத்து வச்சிருந்தாங்க, அவ்வளவு முக்கியமா நினைச்சாங்க. 2015-ல டீல் முடிஞ்சது, அப்புறம் ஆள் லட்சக்கணக்குல வெளிய போனாங்க, ஆனா என்.எஃப்.எல்.லுக்குத் தர வேண்டிய காசு குறையல. 2021-ல டைரக்ட்டிவியைத் தனியா பிரிச்சு டி.பி.ஜி.ங்கிற முதலீட்டு நிறுவனத்துக்கு 30 சதவீதம் வித்தப்போ, மிச்சமிருக்கிற சீசன்ல இந்த ஒப்பந்தத்தால வர்ற நஷ்டத்தை 2 பில்லியன் டாலருக்கு மேல ஒரு வரம்பு வரைக்கும் நாங்களே ஏத்துக்கிறோம்னு ஏ.டி.&டி. எழுதிக் குடுக்க வேண்டியதாச்சு. வாங்கும்போது எதுக்காக வாங்குறோம்னு சொன்னாங்களோ, விக்கும்போது அதுக்கே காசு குடுத்து அனுப்பினாங்க.

டிஷ் பக்கமும் இப்படி ஒரு கதை உண்டு, அது வூம். 2005-ல வூமோட எச்.டி. சேனல்களை 15 வருஷம் ஒளிபரப்புறோம்னு ஒப்பந்தம், கூடவே வூம்ல 20 சதவீத பங்கும் கிடைச்சுது. பதிலுக்கு வூம் வருஷா வருஷம் 100 மில்லியன் டாலர் சேவைக்காக செலவு பண்ணணும். 2008 தொடக்கத்துல, 2006 வருஷத்துக்கு நீங்க அந்தத் தொகையைச் செலவு பண்ணலைன்னு சொல்லி டிஷ் ஒப்பந்தத்தை முறிச்சுடுச்சு. ஓவர்ஹெட் செலவையும் 100 மில்லியன்ல சேர்க்கலாமா கூடாதாங்கிறதுலதான் சண்டையே. நியூயார்க் கோர்ட்டுக்குப் போச்சு. வழக்கு வரும்னு தெரிஞ்ச பிறகும் ஈமெயில் தானா அழியுற சிஸ்டத்தை டிஷ் நிறுத்தாம விட்டுடுச்சுன்னு 2012 ஜனவரில அப்பீல் கோர்ட்டும் சொல்லி, அதை ஜூரி பாதகமா எடுத்துக்கலாம்னு உறுதி பண்ணிட்டாங்க. விசாரணை நடந்துட்டிருக்கும்போதே, 2012 அக்டோபர்ல, 700 மில்லியன் டாலருக்கு செட்டில்மென்ட். முறிக்கிறதுக்கு முந்தின ரிப்போர்ட்ல இந்த 700 மில்லியன் எந்த டேபிள்லயும் இருந்திருக்க வாய்ப்பே இல்ல பாருங்க. டிவோ கம்பெனியோட டி.வி.ஆர். (நிகழ்ச்சியைப் பதிவு பண்ற பெட்டி) பேட்டன்ட் வழக்கும் அப்படித்தான், 2011-ல 500 மில்லியனுக்கு முடிஞ்சுது, 300 உடனே, மிச்சத்தை 2012-ல இருந்து 2017 வரை தவணையா. அதனால ஒப்பந்தக் கடமைகள் பக்கத்தைப் படிக்கிறவங்க வழக்குகள் நோட்டையும் சேர்த்தேதான் படிக்கணும், அங்க ஒவ்வொரு வழக்கு கடைசிலயும் "நஷ்டத்தை இப்போ கணிக்க முடியாது"ங்கிற மாதிரி ஒரு வாக்கியம் வரும், அதுக்குப் பின்னாடி எவ்வளவு பெரிய தொகை வேணா இருக்கலாம்.

இந்தக் கம்பெனிகளோட அடிப்படைக் கோளாறு என்னன்னு கேட்டா காலப் பொருத்தம் இல்லாததுதான். சப்ஸ்கிரைபர் குடுக்குற வாக்கு 24 மாசம், கம்பெனி குடுக்குற வாக்கு எட்டு, பத்து, பதினஞ்சு வருஷம். ஆள் ஏறிட்டிருக்கிற காலத்துல இது பிரச்சனையே இல்ல, இன்னும் சொல்லப்போனா அதுதான் லாபத்துக்கே காரணம், ஒரே சாட்டிலைட் ஒரு லட்சம் பேருக்கு காட்டினாலும் ஒரு கோடி பேருக்கு காட்டினாலும் செலவு ஒண்ணுதான். இறங்கும்போது அதே கணக்கு தலைகீழா திரும்பும். 2014 கடைசில டிஷ்ஷுக்கு சுமார் 1.4 கோடி சப்ஸ்கிரைபர், 2024 கடைசில ஸ்லிங்ங்கிற அவங்களோட இன்டர்நெட் டிவி சர்வீஸையும் சேர்த்தே 77.8 லட்சம், அதுல உண்மையான டிஷ் வீடு 56.9 லட்சம்தான். மேல சொன்ன 594 மில்லியன் வட்டியை 77.8 லட்சம் பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு மாசம் ஆறு டாலருக்கு மேல வருது, அதே வட்டி 1.4 கோடி பேருக்குன்னா மூன்றரை டாலர்தான். வட்டி ஒரு பைசா ஏறாமலே ஆள் தலைல விழுற பாரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

இப்போ பெட்டி விஷயத்துக்கு வரேன், எனக்கு இதுதான் இதுல ரொம்ப சுவாரசியமான பகுதி. ஒருங்கிணைந்த கணக்குல எல்லாம் ஒரே கம்பெனி மாதிரி தெரியும், சட்டத்துல அப்படி இல்ல. டி.பி.எஸ். பாண்ட் வச்சிருக்கிறவருக்கு டி.பி.எஸ்.ஸும் அதோட கியாரண்டி குடுத்த துணை கம்பெனிகளும்தான் பொறுப்பு. 2021-ல டி.பி.எஸ். 5.25 பில்லியன் டாலர் புதுசா கடன் வாங்கி அதைத் தாய்க் கம்பெனிக்கு கைமாத்தா குடுத்துச்சு, காசு போனது 5ஜி செல்போன் பிசினஸுக்கு. 2023 டிசம்பர் 31-ல எக்கோஸ்டாரும் டிஷ்ஷும் மறுபடி ஒண்ணாச்சு, அடுத்த சில நாள்லயே சுமார் 30 லட்சம் டிஷ் சப்ஸ்கிரைபர்களை டி.பி.எஸ். கடன்காரங்க கைக்கு எட்டாத இன்னொரு துணை கம்பெனிக்கு மாத்திட்டாங்க. கடன் அதே இடத்துல, கடனைக் கட்ட வேண்டிய வருமானத்துல பெரும் பங்கு பக்கத்துப் பெட்டிக்குப் போயாச்சு. கடன்காரங்க கொதிச்சு கோர்ட்டுக்குப் போனதுல ஆச்சரியம் என்ன?

அந்தக் கோபத்துக்கு விலையும் இருந்துச்சு. 2024 செப்டம்பர்ல டிஷ்ஷோட டிவி பிசினஸை டைரக்ட்டிவி வாங்குறதா அறிவிச்சாங்க, விலை ஒரே ஒரு டாலர், கூட அந்த 9.75 பில்லியன் கடனை ஏத்துக்கணும். அதாவது பிசினஸோட மதிப்பு அதோட கடமைக்குச் சமம், மேல ஒண்ணும் இல்லைன்னு ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட மாதிரி. ஆனா பாண்ட்காரங்க 1.5 பில்லியனுக்கு மேல தள்ளுபடி தரணும்னு நிபந்தனை, அவங்க முடியாதுன்னுட்டாங்க, நவம்பர்ல டீல் செத்துப்போச்சு.

கடைசியா டவர் கதை, டிவி இல்லைன்னாலும் இதே குடும்பம்தான். 5ஜி நெட்வொர்க் கட்ட 2020, 2021-ல கிரவுன் காசில், அமெரிக்கன் டவர் ரெண்டு கம்பெனி கிட்டயும் தலா 20,000 டவர் வரைக்கும்னு நீண்ட கால ஒப்பந்தம் போட்டாங்க. 2025 மே கடைசில, இணைப்புக்கு அப்புறம் தாய்க் கம்பெனியா ஆன எக்கோஸ்டார் 300 மில்லியனுக்கு மேல வட்டித் தவணையை வேணும்னே கட்டாம சலுகை நாள்ல கட்டிச்சு, ஆகஸ்ட்ல ஏ.டி.&டி.க்கு சுமார் 23 பில்லியனுக்கு ஸ்பெக்ட்ரம் (செல்போன் அலைவரிசை உரிமை) விக்கிறதா அறிவிச்சது, செப்டம்பர்ல ஸ்பேஸ்எக்ஸுக்கு 17 பில்லியனுக்கு. எஃப்.சி.சி. நெருக்கடியாலதான் வித்தோம், இது எங்க கைல இல்லாத சம்பவம், அதனால டவர் வாடகை தர வேண்டியதில்லைன்னு நிலைப்பாடு எடுத்தாங்க. அமெரிக்கன் டவர் அக்டோபர்ல கோர்ட்டுக்குப் போயிடுச்சு. ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது டிஷ் வயர்லெஸ், ஸ்பெக்ட்ரம் வித்த காசு வர்றது மேல இருக்கிற கம்பெனிக்கு, மறுபடி அதே பெட்டி விளையாட்டு.

அதனால நீங்க கைல வச்சிருக்கிற ரிப்போர்ட்டை இப்படிப் படிங்க: முதல்ல கடன் நோட்ல ஒவ்வொரு பாண்டையும் யார் வெளியிட்டாங்க, யார் கியாரண்டின்னு பார்த்து பெட்டி வாரியா பிரிச்சு எழுதுங்க, ஒவ்வொரு பெட்டிக்கும் அடுத்த ரெண்டு வருஷத்துல முதிர்வு எவ்வளவு, அந்தப் பெட்டிக்குள்ள கேஷ் எவ்வளவுன்னு பாருங்க, அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் இருக்கிறதை இப்போதைக்கு விட்டுடலாம். டேபிள்ல வராத சேனல் செலவை வருமானக் கணக்குல இருந்து எடுத்து சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையால வகுத்து, மூணு நாலு வருஷத்துக்கு வரிசையா போட்டுப் பாருங்க. டிஷ் டி.பி.எஸ். தனியாவே எஸ்.இ.சி. கிட்ட 10-கே தாக்கல் பண்ணுது, தாய்க் கம்பெனியோட தடிமனான ரிப்போர்ட்டை விட உங்க கேள்விக்கு அதுதான் சரியான இடம்.